பள்ளி நேரமும் நம் பிள்ளைகளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் தறுவாயில், தலைமையாசிரியர் ஒருவர் செய்தாக வேண்டிய முதற்பணி கால அட்டவணை தயாரித்தலாகும். உயர்நிலைப் பள்ளியில் நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை; வாரத்திற்கு ஐந்து நாள்; ஆக, ஒரு வகுப்பிற்கு நாற்பது கட்டங்கள். கணக்கும் ஆங்கிலமும் பிள்ளைகள் சோர்வடையுமுன் முற்பகலில் வருதல் நலம். அறிவியல் செய்முறைக்கு இரண்டு பாடவேளைகள் சேர்ந்தாற்போல் வேண்டும். உடற்கல்வி வெயில் தாழ்ந்தபின் அமைதல் நன்று. ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் இரு வகுப்புகளில் நிற்க இயலாது. ஓரிடத்தைத் திருத்தினால் நான்கிடங்களில் முட்டும். பென்சிலும் அழிப்பானும் கொண்டு இரண்டு மூன்று நாள் உழைத்த பின்னரே அத்தாள் ஒழுங்குபெறும்.

பல்லாண்டுகள் இப்பணியைச் செய்துவரும் யாம், இவ்வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கத்தார் பணித்தபோது, அத்தாளைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதில் என்ன வரலாறு இருக்கிறது என இளைஞர்கள் வினவலாம். அந்நாற்பது கட்டங்களும் நம் பிள்ளைகளுக்குத் தாமாகக் கிட்டியவை அல்ல. ஒரு பிள்ளையின் பகற்பொழுது பள்ளிக்கு உரியதா, பண்ணைக்கு உரியதா என்னும் வழக்கு இந்நாட்டில் நெடுங்காலம் நடந்தது. அவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை என்பதே எம் கருத்து.

திண்ணையும் உவாவும்

மணியடித்துப் பாடம் மாற்றும் முறை நம் நாட்டிற்குப் பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்னிருந்த திண்ணைப் பள்ளிகளில் பாடவேளை என்ற பாகுபாடு இல்லை. பொழுது புலர்ந்தால் பள்ளி. பொழுது சாய்ந்தால் வீடு. நடுவில் உணவுக்கு இடைவேளை. வாரக் கணக்கும் இல்லை. திங்களின் வளர்ச்சியும் தேய்வுமே விடுமுறையை வகுத்தன. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, அட்டமி ஆகியவை ஓய்வு நாள்கள். உவா என்னும் சொல் மருவி வாவு என வழங்கிய அந்நாள்களுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பர். ஞாயிறு விடுமுறையும் மணிக்கூண்டும் கிறித்தவச் சமயத் தொண்டர்களின் பள்ளிகளோடும் ஆங்கில ஆட்சியோடும் வேரூன்றியவை.

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளின் நிலையைக் கண்டறிந்து தெரிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். அதற்கிணங்க 1823-இல் பல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை சுவையானது. காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழி இடப்படும். மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி எனப் பிந்தி வந்தோர்க்கு அடி ஏறிக்கொண்டே போகும். நேரம் தவறாமை நம் நாட்டிற்கு இரவல் வந்த பண்பன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், ஈண்டு நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. முதலில் வந்தவன் கையில் கலைமகள் பெயரும், கடைசியில் வந்தவன் கையில் பிரம்படியும் விழுந்தன. வரவே விடப்படாதவன் கையில் என்ன இருந்தது? ஏர்க்காலும் மாட்டுக் கயிறும் இருந்தன. ஊர்த் திண்ணையில் ஏறுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், நம் முன்னோரில் மிகப் பெரும்பாலோர்க்குத் திண்ணைப் பள்ளியின் நேரம் எதுவாக இருந்தாலும் ஒன்றே.

நமக்கென எழுந்த பள்ளிகள்

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறிது சிறிதாக மாறத் தொடங்கிற்று. சமயத் தொண்டர்களின் சேரிப் பள்ளிகள் ஒரு புறம். 1894-இல் கர்னல் ஆல்காட்டு சென்னை அடையாற்றுப் பகுதியில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளி ஒரு புறம். 1916-இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் தோற்றுவித்த நந்தனார் பள்ளி மற்றொரு புறம். 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் நம் மக்களுக்கெனத் திறக்கப்பட்ட அரசுப் பள்ளிகளின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

இவற்றுள் இரவுப் பள்ளிகளுக்கு ஒரு தனியிடம் உண்டு. அருந்ததியர் தலைவரும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினருமாக விளங்கிய எல்.சி. குருசாமி அவர்கள் சென்னையில் இரவுப் பள்ளிகளை நடத்தினார். இரவில் ஏன் பள்ளி? பகற்பொழுது பிள்ளைகளுடையதாக இல்லை. ஆதலின் இரவில் பள்ளி. இந்த ஒரு செய்தியை நெஞ்சில் இருத்திக்கொண்டால், இனி வருவதன் பொருள் எளிதிற் புலப்படும்.

1953: அரை நாள் பள்ளி

நாடு விடுதலை பெற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், பதினான்கு வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என வழிகாட்டியது. சென்னை மாநிலத்திலோ கட்டடம் போதாது; ஆசிரியர் போதார்; பணமும் போதாது. இவ்விடரைத் தீர்க்கும் வழியாக, முதலமைச்சர் இராசாசி அவர்களின் அரசு 1953 சூன் முதல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது.

அத்திட்டத்தின் சாரம் பள்ளி நேரத்தில்தான் இருந்தது. அதுவரை நாளொன்றுக்கு ஐந்து மணியளவில் நடந்த பள்ளி மூன்று மணி நேரமாயிற்று. பிள்ளைகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவு ஒரு வேளையும், மற்றது அடுத்த வேளையும் பள்ளிக்கு வரும். அதே ஆசிரியர் அதே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகளைக் கற்பிப்பார். எஞ்சிய நேரத்தில் ஆண் பிள்ளைகள் தந்தையின் தொழிலையும், பெண் பிள்ளைகள் வீட்டு வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். கைத்தொழில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஊரிலுள்ள பிற தொழிலாளரிடம் பயிலலாம் எனவும் விளக்கம் கூறப்பட்டது.

வரலாறு எழுதுவோர்க்கு நடுவுநிலை வேண்டும். திட்டத்தை வகுத்தோர்க்கும் காரணங்கள் இருந்தன. இருக்கும் பொருளைக் கொண்டு மேலும் பல பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்றனர். கைத்தொழில் அறிவும் கல்வியே என்றனர். காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைப் போற்றியதே. 1939-இல் ஆலய நுழைவுச் சட்டத்திற்கு வழிவகுத்தவரும் இராசாசி அவர்களே என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆயினும், தந்தையின் தொழில் என்னும் சொல் எல்லார் வீட்டிலும் ஒரே பொருளைத் தரவில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தறி இருந்தது. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு உளி இருந்தது. நிலமற்ற பண்ணையாளின் பிள்ளைக்குத் தந்தையிடம் கற்க என்ன இருந்தது? பிறர் நிலத்தில் உழுவதும், பிறர் மாட்டை மேய்ப்பதும், பிறர் இட்ட வேலையைச் செய்வதுமே இருந்தன. அதற்கு மூன்று மணி நேரப் பயிற்சி எதற்கு? அது பயிற்சியன்று, கூலியில்லா வேலை. மேலும், இத்திட்டம் கிராமப் பள்ளிகளுக்கே வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு முழு நாளும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாளுமாகக் கல்வி பகுக்கப்பட்டது.

இதனாலேயே இது குலக்கல்வித் திட்டம் என்ற பெயரைப் பெற்றது. தந்தை பெரியார் அவர்களின் திராவிடர் கழகம் கடுமையாக எதிர்த்தது. 1953 சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்திற்கு எதிரானது. ஆளுங்கட்சிக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. சட்டப்பேரவையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தின்மீது வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தன. வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பக் கோரிய தீர்மானம் நிறைவேறியது. அந்நாளில் பேரவைத் தலைவராக இருந்தவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை அவர்கள். 1937-இல் சென்னை மாநகரத் தந்தையாகிய நம்மவர். பின்னர் அமைந்த பருலேகர் குழு திட்டத்திற்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954-இல் இராசாசி அவர்கள் பதவி விலகினார். அவ்வாண்டு ஏப்பிரலில் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அவர்களின் அரசு, மே திங்களில் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஓராண்டு கூட நிறைவுறாமல் அரை நாள் பள்ளி முடிவுற்றது.

எம் தந்தையாரின் பிற்பகல்

நூல்களில் இவ்வரலாறு இங்கு முடிந்துவிடுகிறது. எம் இல்லத்தில் முடியவில்லை.

மறைந்த எம் தந்தையார் அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். வேங்கிக்கால் அன்று ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். நகராட்சியாகிய திருவண்ணாமலை நடந்து போகும் தொலைவிலேயே இருந்தது. அங்கே முழு நாள் பள்ளி, இங்கே அரை நாள். மூன்றாம் வகுப்பில் காலைப் பிரிவில் இருந்த அவர், வெயில் ஏறுமுன் பலகையோடு வீடு திரும்பிவிடுவார். வேலை கற்றுத்தர என் பாட்டனாரிடம் தனித்தொழில் ஏதும் இல்லை. ஆதலின் பையன் சும்மா இருக்கிறானே என, அவர் ஆளாயிருந்த நிலமுடையாரின் மாடுகளை ஏரிக்கரைக்கு ஓட்டிச் செல்ல அனுப்பினார். பிற்பகல் கஞ்சி அங்கே கிடைத்தது.

அவ்வாண்டு மார்கழியில் எம் பாட்டியார் நோய்வாய்ப்பட்டார். பாட்டனார் அந்நிலமுடையாரிடமே நெல் கடனாகப் பெற்றார். ஈடு வைக்க நிலமில்லை, நகையில்லை, பையனின் உழைப்பு இருந்தது. முதலில் பிற்பகல் மட்டும் என்பதே பேச்சு. அடுத்த ஆண்டு பள்ளி மீண்டும் முழு நாளாயிற்று. ஆசிரியர் வீடு தேடி வந்து அழைத்தார். பாட்டனார் தலை குனிந்து நின்றாராம். பள்ளி தன் பிற்பகலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எம் தந்தையாரின் பிற்பகல் ஏற்கெனவே நெல்லாக மாறி உண்ணப்பட்டிருந்தது. சில வாரங்கள் காலையில் மட்டும் சென்றார். பின்னர் அதுவும் இல்லை.

அவர் படிப்பை நிறுத்தியவர் என எவரையும் சுட்ட இயலாது. பாட்டனார் நிறுத்தவில்லை, ஆசிரியர் நிறுத்தவில்லை, அரசும் நிறுத்தச் சொல்லவில்லை. நாளில் ஒரு பாதி திறந்து விடப்பட்டது. வறுமை அவ்வழியே நுழைந்து மற்றப் பாதியையும் எடுத்துக்கொண்டது. செய்தித்தாளின் பெரிய எழுத்துகளை மட்டும் கூட்டி வாசிக்கத் தெரிந்தவராகவே அவர் வாழ்ந்து மறைந்தார். ஆனால் எம்மைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது முதல் மணிக்கு முன்னரே வாயிலில் நிறுத்திவிடுவார். பள்ளி விடும் மணி அடிக்கும்வரை எக்காரணம் பற்றியும் வீட்டிலிருந்து ஆள் அனுப்பியதில்லை. அறுவடை நாளிலும் அனுப்பியதில்லை.

மணியும் பசியும்

அரை நாள் பள்ளியை நீக்கினால் மட்டும் போதாது, முழு நாளும் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு உணவு வேண்டும் என்பதைக் காமராசர் அவர்கள் உணர்ந்திருந்தார். பிற்பகல் கஞ்சிக்காக மாடு மேய்க்கப் போன பிள்ளைகளின் நிலையை எண்ணினால், 1956-இல் எட்டயபுரத்தில் அவர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டத்தின் அருமை விளங்கும். அதற்கு முன்னோடியாக, 1920-இலேயே சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில், தியாகராயச் செட்டியார் தலைமையில் மதிய உணவு வழங்க முடிவாயிற்று. 1982 சூலை முதல் நாளில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டமாக அதனை விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கிவைத்தார்.

இவற்றை அறச்செயல்கள் என்பர் பலர். கால அட்டவணை எழுதுவோர் கண்ணில் இவை பாடவேளைகளும் ஆகும். மதிய உணவு, ஐந்தாம் பாடவேளைக்குப் பிள்ளையைத் திரும்ப வரச்செய்தது. காலை உணவு, முதற்பாடவேளையில் அதன் கண்ணை விழிக்கச் செய்கிறது. உணவில்லாத அட்டவணை வெறும் கோடுகளே.

இன்றைய கணக்கு

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, பள்ளிகள் ஆண்டுக்கு 39 வாரங்கள், அதாவது 234 நாள்கள் இயங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதனைச் சட்டமாகவே வரையறுத்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 வேலை நாள்கள், 1000 கற்பித்தல் மணி. ஆசிரியர் வாரத்திற்குக் குறைந்தது 45 மணி நேரம், பாடம் தயாரிக்கும் நேரம் உட்பட, பணியாற்ற வேண்டும் எனவும் அது கூறுகிறது. 1953-இல் அரசாணையால் குறைக்க முடிந்த பிள்ளையின் நேரம் இன்று சட்டத்தின் காவலில் இருக்கிறது. இது சிறிய மாற்றமன்று.

சட்டம் காக்கும் நேரத்தை நாமே கைநழுவ விடலாமா? ஐந்து மணி மூன்று மணியானபோது ஒவ்வொரு நாளிலும் ஐந்தில் இரு பங்கு குறைந்தது. ஐந்து வகுப்புகளுக்குக் கணக்கிட்டால் இரண்டு ஆண்டுப் படிப்பு. இக்கணக்கைக் கண்டு நாம் சினம் கொள்கிறோம். இப்போது மற்றொரு கணக்கைப் பாருங்கள். நாளும் முதற்பாடவேளை முடிந்த பின்னர் வரும் மாணவன் எட்டில் ஒரு பங்கை இழக்கிறான். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்தாண்டுகள் அவ்வாறு வந்தால் அவன் இழப்பது ஓராண்டில் ஐந்தெட்டுப் பங்கு, அரையாண்டுக்கும் மேல். அம்முதல் வேளை பெரும்பாலும் கணக்கிற்கு உரியது என்பதை மேலே கூறினோம். பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் எப்பாடத்தில் தவறுகின்றனர் என்பதையும், ஏன் தவறுகின்றனர் என்பதையும் இனி யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வூர்க்கே உரிய இழப்புகளும் உள. மல்லாட்டை பிடுங்கும் நாள்களில் பின்வரிசை காலியாகிவிடும். கார்த்திகைத் தீபத்திற்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். விடுமுறையை எல்லாரும் எடுத்துக்கொள்கின்றனர். ஈடு செய்யும் சனிக்கிழமைக்குப் பாதிப் பிள்ளைகளே வருகின்றனர். பௌர்ணமிதோறும் மலைவலம் வருவோர் கூட்டத்தில் கடை போடும் பெற்றோருக்குத் துணையாக இரவு முழுதும் விழித்த பிள்ளை, மறுநாள் வகுப்பில் உறங்குகிறான். பழைய உவா விடுமுறை, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இன்னும் நீங்கவில்லை போலும்! அவனை எழுப்பக் கையோங்கும் ஆசிரியர்க்கு யாம் கூறுவது: முதலில் அவன் ஏன் உறங்குகிறான் எனக் கேளுங்கள். பெற்றோர்க்குக் கூறுவது: அவன் துணையால் அன்றிரவு வந்த காசைவிட மறுநாளின் எட்டுப் பாடவேளை விலை கூடியது.

குறை நம் பக்கம் மட்டும் இல்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், அட்டவணையில் பாடத்தின் பெயர் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் இரார். அக்கட்டத்தில் உடற்கல்வி ஆசிரியரை அனுப்பி அமைதி காக்கச் செய்யும் துன்பத்தை யாமும் பட்டிருக்கிறோம். அத்தகைய வெற்றுக் கட்டங்கள் ஏழைகள் பயிலும் பள்ளிகளிலேயே மிகுதி. அவையும் மற்றோர் அரை நாள் பள்ளியே. ஆதலின் நம் இளைஞர்கள் ஊரிலுள்ள பள்ளியின் கால அட்டவணையைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். எந்தப் பாடத்திற்கு ஆசிரியர் இல்லை என அறிந்து, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் முறையிடல் வேண்டும். தலைமையாசிரியர்கள் இதனால் வருந்தார், மகிழ்வர். எம் சொல்லுக்கு இல்லாத வலிமை ஊராரின் கையெழுத்திற்கு உண்டு.

ஒன்பதாம் பாடவேளை

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செய்த முதற்காரியம், மாலையில் ஒரு விளக்கின்கீழ்ப் பிள்ளைகளை அமர்த்திப் படிக்கச் செய்தது. எம் பள்ளி மாணவர்கள் அதற்கு ஒன்பதாம் பாடவேளை எனப் பெயரிட்டுள்ளனர். எந்த அலுவலகமும் அதனை அட்டவணையில் எழுதவில்லை, நாமே எழுதினோம். பகல் நமதாக இல்லாத காலத்தில் நம் முன்னோர் இரவுப் பள்ளி நடத்தினர். பகலும் நமதாகிய இக்காலத்தில் அதனோடு மாலையையும் சேர்த்துக்கொண்டோம். பட்டம் பெற்று அலுவல்களில் அமர்ந்துள்ள இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையையேனும் அவ்விளக்கின்கீழ்ச் செலவிட வேண்டும் என வேண்டுகிறோம். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரும் ஒருவர் நாளொருவராக வந்தால், வாரத்திற்கு ஐந்து பாடவேளைகள் கூடும். முதல் மணிக்குப் பிந்திய மாணவன் இழந்ததும் ஐந்தே.

வேங்கிக்கால் இன்று ஏரிக்கரைச் சிற்றூரன்று. 1989-இல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் இருக்கிறது. எம் தந்தையார் மாடு ஓட்டிச் சென்ற திசையில் இன்று கோப்புகளோடு மக்கள் செல்கின்றனர். அக்கோப்புகளில் கையொப்பமிடும் இருக்கைகளில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும் எனில், அதற்கான வழி காலையில் அடிக்கும் முதல் மணியிலிருந்து தொடங்குகிறது.

அடுத்த சூனில் யாம் மீண்டும் அந்நாற்பது கட்டங்களை வரைவோம். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவது எம் கடன். ஒவ்வொரு கட்டத்திலும் நம் பிள்ளையை அமரச் செய்வது பெற்றோரே, இளைஞர்களே, உங்கள் கடன். சங்கத்தின் வெள்ளி விழா சிறக்க. அதன் பொன்விழாவில் இக்கட்டுரையின் கணக்குகள் பழங்கதையாகி நிற்க.